சேறு கலங்கக் கூடாது

வேப்பம்பட்டு வயலில் பலகை மேல் நின்றபடி, நெற்பயிரைக் கண்ணாடிப் பெட்டியால் மூடி, உள்ளிருந்த காற்றை ஊசியால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சிக்காரி. வரப்பில் தடியோடு நின்றார் ராயப்பன்.

"இன்னா பெரியவரே, அந்தம்மா இன்னா பண்றாங்க?" என்றார், ஆவடியிலிருந்து மனை பார்க்க வந்தவர்.

"சேத்துலேர்ந்து மீத்தேன்னு ஒரு வாயு வருதாம். அத்த அளக்கிறாளாம். காத்தை எவனாச்சும் அளப்பானா? எனக்கு நம்பிக்கையே இல்ல."

"படிச்ச கிறுக்குங்க!" என்று சிரித்தவர், கிட்டே போய் வேடிக்கை பார்க்க வயலில் காலை வைக்கப் போனார்.

தடி குறுக்கே நீண்டது. "எறங்காதய்யா! சேறு கலங்கினா வாயு குமிழியா கெளம்பிடும். அவ அளவு கெட்டுப்பூடும்."

"நம்பிக்கை இல்லன்னீங்களே?"

"காத்து மேலதான் இல்ல," ராயப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "எம் பொண்ணு மேல கீது."