மறுசோறு

பாகற்காய்ப் பொரியலை மூன்று தட்டிலும் வைத்துவிட்டு அவள் நின்றாள்.

யாரும் தட்டைத் தள்ளிவைக்கவில்லை.

கணவர் குணசீலன் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். கீழே பாயில் மகனும் மகளும். சாமைச் சோறு, கொள்ளு ரசம், முருங்கைக்கீரை. நாலு பேருக்கும் ஒரே சமையல்.

ஒன்பது வருஷமாக அவள் கேட்டது இதைத்தான்.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து.

அவருக்கு வெள்ளைச் சோறு குவித்து வைக்க வேண்டும், பக்கத்தில் அப்பளம். மகன் ஹரிசுதனுக்குக் கறியோ முட்டையோ இல்லாமல் உள்ளே இறங்காது. மகள் கனிஷ்கா பச்சையாக எது கிடந்தாலும் தொடமாட்டாள். கொத்தமல்லித் தழையைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒட்டிவைப்பாள்.

அவளும் விடவில்லை. தோசை மாவில் முருங்கை இலையை அரைத்துக் கலந்தாள். அரிசியோடு கால் பங்கு சாமை போட்டாள். அடுத்த வாரம் அரைப் பங்கு. முட்டைப் பொரியலுக்குள் முட்டைக்கோஸ்.

ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டாள்.

"பாப்பா, இன்னைக்கு என்னத்த ஒளிச்சு வச்சிருக்கா உங்கம்மா? மோந்து பாரு" என்பார் அவர். கனிஷ்கா தட்டுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பாள். "மாட்டுக்குப் போடு, நல்லாக் கறக்கும்" என்று அவரே தீர்ப்பும் சொல்வார். மூன்று பேரும் சிரிப்பார்கள். கோபமாக இருக்கப் பார்த்து, முடியாமல் அவளும் சிரித்துவிடுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் வண்டிக்குப் பெட்ரோல் போடப் போவார்கள். திரும்பி வரும்போது மூன்று பேர் கையிலும் சால்னா வாசம் அடிக்கும்.

அவள் கேட்டதில்லை.

போன மாதம் செருப்பு கடித்தது. சின்னக் கொப்புளம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவே இல்லையே என்றார், பிறகு.

பெருவிரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள்.

எட்டாம் நாள், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வலது கால். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் மினி லாரி ஓட்டிய கால்.

அன்று டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"மூணு பேரும் சேந்து சிரிச்சீங்கள்ல? இப்பச் சிரிங்க."

ஹரிசுதன் தலையைக் குனிந்துகொண்டான்.

கனிஷ்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயசு.

அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. கட்டு மாற்ற, மருந்து வாங்க, அவரைப் பிடித்து உட்காரவைக்க என்று நாட்கள் ஓடின. நேற்றுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

இப்போது அவர் பாகற்காயை மென்று விழுங்கினார். முகம் சுளிக்கவில்லை. அப்பளம் கேட்கவில்லை.

"ரொம்பக் கசக்குதா?" என்றாள்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் சமையலை அவர் இவ்வளவு மரியாதையாகச் சாப்பிட்டதில்லை. மாட்டுக்குப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்றிருந்தது அவளுக்கு.

கனிஷ்கா எழுந்து பின்பக்கம் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தம்.

அவள் பின்கதவு வரை போய்ப் பார்த்தாள்.

துவைகல்லைப் பிடித்துக்கொண்டு பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. தின்ற கீரை அப்படியே வந்தது. சத்தம் உள்ளே கேட்கக்கூடாதென்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டது. வாயைக் கொப்பளித்தது. சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தது.

உள்ளே வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

"என்னது?"

"பாகற்காய்."

ஹரிசுதன் கை சோற்றில் அப்படியே நின்றது. குணசீலன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வராந்தாவில் நடந்தது அவருக்குத் தெரியாது.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். தன் வீட்டில் ஒரு மணி வெள்ளை அரிசி இல்லை. இருந்ததையெல்லாம் நேற்றே தூக்கிக் கொடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு ராசாத்தியக்கா ஒரு கிண்ணம் சோறு கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதற்கென்று கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து, தயிரை ஊற்றி, உப்புப் போட்டு, குழையப் பிசைந்தாள். தயிர்ச்சோறு என்றால் கனிஷ்காவுக்கு உயிர். மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள்.

"வாயத் திற பாப்பா."

கனிஷ்கா தலையை ஆட்டினாள்.

"அம்மா அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ."

"அப்பா இதத் திங்கக்கூடாதுல்ல" என்றாள் மகள். "நான் தின்னா அப்பாவுக்கும் ஆச வரும்."

குணசீலன் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, கைகளை ஊன்றி விளிம்புவரை நகர்ந்து வந்தார்.

"எனக்கு ஆசையெல்லாம் போச்சு தாயி" என்றார். "நீ சாப்பிடு."

அப்போதுதான் கனிஷ்கா அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள்.

உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு அழுதாள்.