சனிக்கிழமை எங்கே போகிறார்கள்?

“நம்ம பொண்ணுங்க சனிக்கிழமையும் யூனிபார்ம் கோட்டை மாட்டிக்கிட்டு, சாப்பாட்டுப் பையோட ஷேர் ஆட்டோ ஏறுறாங்க சார். நானே என் கண்ணால பார்த்தேன்.”

சூப்பர்வைசர் தெட்சிணாமூர்த்தி குரலைத் தாழ்த்திச் சொன்னதும் சிவநாதனுக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி கசந்தது.

“சனிக்கிழமைதான் லீவு விட்டாச்சே! எங்கே போறாங்களாம்?”

“பட்டினத்துல புதுசா ஒரு தையல் கம்பெனி வந்திருக்குல்ல? ஆள் கிடைக்காம அலையறாங்களாம். இங்கே லீவு, அங்கே வேலை. ரெண்டு பக்கமும் சம்பளம்!”

“பின்னாடியே போய்ப் பார்த்திருக்கலாமேய்யா?”

“குடும்பத்தோட திருநள்ளாறு கோயிலுக்குப் போய்க்கிட்டிருந்தேன் சார். பாதி வழியில வண்டியைத் திருப்பினா வீட்டுக்காரி சும்மா விடுவாளா?”

சிவநாதன் எழுந்து ஜன்னலோரம் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். குரும்பகரத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்த நைட்டி கம்பெனி அவருடையது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை போதும் என்று அவரைச் சம்மதிக்க வைக்க, தையல்காரிகள் சார்பில் பேச வந்த தாமரைச்செல்வி படாத பாடு பட்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை வீட்டு வேலைக்கே சரியாப் போயிடுது சார். உடம்பு ஒருநாள் ஓய்வு கேக்குது. மத்த நாள்ல வேகமாத் தைச்சுக் குடுத்துடுறோம்” என்று அவள் கெஞ்சியபோது, மனிதர் மனமிரங்கிவிட்டார். சம்பளத்திலும் கை வைக்கவில்லை. மற்ற முதலாளிகள் அவரை இளிச்சவாயன் என்று சிரித்தார்கள். பெண்கள் சொன்னபடியே தைத்துத் தள்ளியதால் அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். இப்போது அந்த இளிச்சவாயன் பட்டம் நிஜமாகிவிடும் போலிருந்தது.

“இது மட்டும் உண்மையா இருக்கட்டும், திங்கக்கிழமையிலேருந்து லீவு கட்! அந்தத் தாமரைச்செல்வியை வேலையை விட்டே தூக்கிடுறேன்.”

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. மெஷின்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார்.

“என்ன சார், தையல்ல ஏதாவது தப்பா?” என்றாள் தாமரைச்செல்வி.

“தையல்ல தப்பில்லை. நாளைக்கு லீவாச்சே, என்ன பண்ணப் போறே?”

“சும்மாதான் சார்... வீட்டுலதான்” என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பச்சைப் பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை குரும்பகரம் கடைத்தெருவில் காரை ஓரம்கட்டிக் காத்திருந்தார். தெட்சிணாமூர்த்தி சொன்னது சரிதான். கோட்டும் பையுமாகப் பெண்கள் ஆட்டோவில் அடைந்துகொண்டு ஏறினார்கள். முன்னால் தாமரைச்செல்வி.

பின்தொடர்ந்தார். பட்டினம் போகும் சாலை பிரிந்தது. ஆட்டோ அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய், அவருடைய கம்பெனி வாசலிலேயே நின்றது! பூட்டியிருக்க வேண்டிய கேட் திறந்திருந்தது. வாட்ச்மேன் காத்தமுத்து முதலாளியைக் கண்டதும் பேயறைந்தவன் போல நின்றான்.

‘அடிப்பாவிகளா! என் மெஷின்ல, என் கரண்ட்ல, வெளியாளுக்கா தைக்கிறீங்க?’

பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் படாரென்று தள்ளினார்.

மின்விசிறிகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. மெஷின்கள் உறை போட்டபடியே இருந்தன. துணி வெட்டும் மேஜையில், முந்தைய ஆட்டோவிலேயே வந்துவிட்ட அமுதம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஒரு மூலையில் சிவப்ரியாவின் கைக்குத் திரிபுரசுந்தரி மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். துணி மூட்டையில் அப்போதுதான் தலை சாய்த்த தாமரைச்செல்வி துள்ளி எழுந்தாள்.

“சார்! ஒரு மெஷினைக்கூடத் தொடலைங்க சார்!”

“பின்னே இங்கே என்ன பண்றீங்க?”

“லீவு எடுக்குறோங்க சார்.”

“லீவை வீட்டுல எடுக்க வேண்டியதுதானே?”

“வீட்டுக்குத் தெரிஞ்சா அது எப்படிங்க சார் லீவாகும்?”

அவள் தயங்கித் தயங்கி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

“கோவிச்சுக்காம இன்னும் ஒரே ஒரு உதவி பண்ணுங்க சார். லீவு விட்டதிலேருந்து சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதுறதில்லை, எங்க மாமியாருக்குச் சந்தேகம் வந்துடுச்சு... அதை மட்டும் வழக்கம்போல ஊதச் சொல்லிடுங்க!”