இருபத்துநாலு டிகிரி

"இருபத்துநாலு டிகிரிக்கே கத்துதுன்னா அது சர்வரா, பச்சப் புள்ளையா?" புதிதாக வந்திருந்த மேனேஜர் அலுத்துக்கொண்டார். "முப்பத்தெட்டு வரைக்கும் தாங்கும்னு செஞ்சவனே சொல்றான். எந்தப் புண்ணியவான் வெச்ச எச்சரிக்கை அளவுப்பா இது?"

"தெரியல சார்," என்றான் சர்வர் அறைப் பொறியாளன்.

யார் வைத்தது என்று நிஜமாகவே தெரியாது. ஆனால் அளவு தப்பு என்பது அவனுக்குப் பல மாதமாகத் தெரியும்.

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது மனைவிக்காக. இருவருக்கும் ஒரே கம்பெனி. கோபித்துக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனவள், அங்கே உட்கார்ந்துதான் இந்த அறையின் சர்வர்களைக் கண்காணிக்கிறாள். எச்சரிக்கை வந்தால் அவள் இங்கே போன் செய்து கேட்டே ஆக வேண்டும். மற்றபடி இருவருக்கும் நடுவில் வக்கீல்தான் பேசினார்.

மத்தியானம் யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால் போதும், போன் அடிக்கும்.

"சர்வர் சூடாகுது. பாத்தீங்களா?"

"பாத்தேன். ஏசி ஓடுது."

"சரி." கொஞ்சம் தயங்குவாள். "இருமல் இன்னும் போகலையா?"

"அது கெடக்குது."

அவ்வளவுதான். அதற்குத்தான் நாளெல்லாம் காத்துக் கிடந்தான். 'வந்துடேன்' என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். பாழாய்ப்போன வீம்பு விட்டால்தானே.

"அந்தப் பக்கம் இருக்கற பொண்ணையும் நெனச்சுப் பாருப்பா," என்றார் மேனேஜர், அவள் யாரென்று தெரியாமல். "ஒண்ணுமில்லாததுக்கு எத்தனை தடவைதான் போன் பண்ணுவா? பாவம், சலிச்சுப் போயிருக்கும்."

அவனுக்குச் சுருக்கென்றது. தன் ஆசைக்காக அவள் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கே சர்வருக்குள் நுழைந்து, இரண்டு வரி கட்டளை அடித்து, எச்சரிக்கை அளவை முப்பத்தெட்டுக்கு ஏற்றினான். அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு போனே வரவில்லை. அறை அமைதியாகிவிட்டது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு சர்வரில் ஃபேன் நிஜமாகவே நின்றுபோனது. போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தான். வீம்பாவது மண்ணாங்கட்டியாவது, இன்றைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான்.

"சார், உங்க சர்வர்ல ஒரு ஃபேன் ஓடல." வேறு பெண்ணின் குரல்.

"வழக்கமா பேசறவங்க இல்லையா?"

"அக்கா வேலைய விட்டுட்டாங்க சார். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அண்ணன் வீட்டுக்கே போய்ட்டாங்க. நான் புதுசு."

"என்கிட்ட... எதுவும் சொல்லச் சொன்னாங்களா?"

"உங்ககிட்ட இல்ல சார். என்கிட்டதான் ஒண்ணு சொன்னாங்க. 'அந்த ரூமுக்கு இருபத்துநாலுன்னு நான்தான் குறைச்சு வெச்சிருந்தேன். அவங்களே ஏத்திட்டாங்க. இனிமே அங்க அனாவசியமா போன் பண்ணாதம்மா'ன்னு."