புங்கனேரி மீனுக்கு எண்பதாம் நம்பர்

"இதுவும் அறுந்துபோச்சுய்யா!"

இன்ஜினீயர் சிகாமணி நைலான் நரம்புச் சுருளைக் கல்லாப்பெட்டி மேல் வீசினார். அரூர் கடைத்தெருவில் கயிறும் வலையும் தூண்டிலும் விற்கிற குப்புராஜ், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறுந்த நுனியைப் பார்த்தார்.

"நாப்பதாம் நம்பருங்க. லேசுல அறாதே."

"அறாதாம்! தூண்டிலைப் போட்டுட்டு சிகரெட் பத்தவைக்கல, மதகோரமா ஒரு இழுப்பு இழுத்துச்சு பாரு, நானே ஏரிக்குள்ள போயிருப்பேன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை முப்பதாம் நம்பரும் இப்படித்தான் போச்சு. நீ விக்கிறது தூண்டில் நரம்பா, பூக் கட்டற நூலா?"

குப்புராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வருகிற ஆள் கடை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

"இது விரால் இல்லீங்க சார். விராலுக்கு இத்தனை பலம் ஏது? நல்லாக் கெழட்டு வாளையா இருக்கோணும். மதகுக் கல்லு சந்துலதான் குடியிருக்கும்."

"வாளை!" சிகாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் போட்ட எந்த ரோட்டின் திறப்பு விழாவிலும் அவர் இப்படிச் சிரித்ததில்லை.

மாட்டுக்குக் கயிறு வாங்க வந்து ஓரமாக நின்றிருந்த லூர்துமேரி, இதுதான் சமயம் என்று முன்னால் வந்தாள். அவள் அந்த ஏரி இருக்கிற புங்கனேரிக்காரி. கடைதான் அரூரில், குப்புராஜுக்கும் சொந்த ஊர் புங்கனேரிதான்.

"ஐயா, எங்க ஊரு ரோடு புளியமரத்தோட நின்னுபோச்சுங்க. மிச்சம் எப்பங்க போடுவீங்க?"

"வரும், வரும்."

"போன மழையில செல்லம்மாளைக் கட்டில்ல போட்டுச் சேத்துல தூக்கிட்டு ஓடியாந்தோங்க. பாதி வழியிலயே பொறந்துருச்சு. புள்ள தங்கலீங்க. எம் மருமவளுக்கு வர்ற ஐப்பசியில பொறக்கணும். அதுக்குள்ள ரோடு வேணுங்க."

சிகாமணி பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தச் சிரமத்தை அவர் எப்போதும் எடுத்துக்கொண்டதில்லை.

"இங்க பாரும்மா. உங்க ஊருக்கு ரோடு போடச் சொல்லி எனக்கு எந்த ஆர்டரும் இல்லை. அந்த மீனுக்காக ஞாயித்துக்கிழமை வர்றேன், ஜீப்பு சேத்துல மாட்டிக்குது. அதனாலதான் வேற எடத்துக்கு வந்த ஜல்லியில கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். மிச்ச ஜல்லி அடுத்த வாரம் வரும். அதுக்குள்ள மீன் மாட்டிடுச்சுன்னு வச்சுக்க, அப்புறம் எனக்குப் புங்கனேரியில என்ன வேலை? கிருஷ்ணகிரி டேமுக்குப் போயிடுவேன்."

லூர்துமேரி திரும்பிக் குப்புராஜைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் உள்ளே போய், மேல் தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

"எண்பதாம் நம்பருங்க சார். எருமையைக் கட்டி இழுத்தாலும் அறாது."

"அண்ணா!" என்றாள் லூர்துமேரி. "இம்மாந் தடிசா இருந்தா மீனுக் கண்ணுக்குத் தெரிஞ்சுராதா? ஐயாவுக்கு அம்பதாம் நம்பரே போதுங்கண்ணா."

"கலங்கல் தண்ணியில மீனுக்கு என்ன தெரியும்? நீ செத்த சும்மா இரு."

"பொம்பளைக்கு என்னய்யா தெரியும் இதெல்லாம்?" என்றபடி சிகாமணி நரம்பை இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்தது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "இதை மொதல்லயே குடுக்கறதுக்கு என்னய்யா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் எங்க வீட்ல வாளைக் குழம்பு. ஆமா, பாத்துக்க!"

"உங்களுக்கு மாட்டாம வேற யாருக்குங்க சார் மாட்டும்?" என்று வாசல் வரை போய் வழியனுப்பினார் குப்புராஜ்.

ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் லூர்துமேரி பொறுத்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சாண்ணா? அந்தாளு வாயாலயே சொல்லிட்டுப் போறாரு, மீனு மாட்டுனா ரோடு இல்லேன்னு. எண்பதாம் நம்பரைத் தூக்கிக் குடுக்கறீங்க! செல்லம்மா யாரு, உங்க கூடப்பொறந்தவ தானே? அந்தப் புள்ளையைப் பொதைச்சுட்டு வந்து நீங்கதானே அப்படி அழுதீங்க?"

குப்புராஜ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

"நான் குடுக்கலேன்னா சேலத்துல போயி வாங்கிட்டு வருவாரு. அவரு என்ன நம்பரு போடறாருன்னு நமக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்ன பண்றது? அத்தனை கனத்தை எப்படி அறுக்கறது?"

அவர் கல்லாப்பெட்டிக்குக் கீழே கையை விட்டு, புதிதாகச் சாணை பிடித்த சின்னக் கத்தி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, அவள் வாங்கிய மாட்டுக் கயிற்றோடு சேர்த்துக் கொடுத்தார்.

"நாளைக்கு உன் வூட்டுக்காரரு மதகுக்கிட்ட தண்ணிக்குள்ள முங்கறப்போ இதை இடுப்புல சொருகிக்கச் சொல்லு. இனிமே பல்லால கடிச்சு அறுக்க முடியாது."