உருண்டைக்கு ரோஷம் வந்த வருடம்

மரத்தலையும் துணி உடம்புமான உருண்டைக்கு அந்த டிவி தொடரில் ஒரே வேலைதான். சமையல்காரிப் பொம்மையிடம் கரண்டியடி வாங்கிப் பல்லிளிக்க வேண்டும். பதினேழு வருடமாக அதற்குள் கையை விட்டு ஆட்டியவனுக்கும் அதுதான் சோறு போட்டது.

இந்த வருடம் ஒரு நாள் உருண்டை அடி மேலே படாமல் குனிந்து தப்பித்துக்கொண்டது. அடுத்த வாரம் கரண்டியைப் பிடுங்கி, சத்தமில்லாமல் கீழே வைத்தது. ஆட்டியவன் விரலைக்கூட அசைக்கவில்லை.

"என்னய்யா இது, பொம்மை பெரிய மனுஷனாட்டம் நிக்குது? ஒருத்தனும் சிரிக்கல," என்றார் டைரக்டர். "இன்னைக்கும் அடி வாங்கலைன்னா நாளையிலேர்ந்து நீ வராத."

பொம்மைகள் ஆடும் மேஜைக்கு அடியில் குந்தி, அவன் பொம்மைக்குள் கையை நுழைத்தான்.

"டேய், உனக்கு ரோஷம் வந்துட்டா என் பிள்ளைங்க என்னத்தடா திங்கும்? எனக்காக வாங்கிக்கடா."

சமையல்காரி கரண்டியை ஓங்கினாள். உருண்டை விலகவில்லை. நங்கென்று விழுந்த அடிக்குப் பல்லிளித்தது. ஸ்டூடியோவே விழுந்து விழுந்து சிரித்தது.

மேஜைக்கு அடியில் அவன் கையை உருவப் பார்த்தான்; வரவில்லை. அவன் கை மட்டுமே நுழையக்கூடிய அந்தத் துணிக்குள், அதைவிடப் பெரிய, காய்ப்பேறிய கை ஒன்று அவன் விரல்களை இறுகப் பற்றியிருந்தது.