இரக்கத்துக்குத் தொண்ணூற்றாறு

குக்கரை அவசரமாகத் திறந்ததில் ஆவி பவித்ராவின் முன்கையை வேகவைத்துவிட்டது. அவள் அலறலைக் கேட்டு மகள் நறுமுகை ஓடி வந்தாள். வந்தவள் தாயின் கண்ணுக்கு நேராகக் குனிந்து, தலையைச் சற்றே சாய்த்து, "உங்க வலி எனக்குப் புரியுதும்மா. அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றாள்.

பேசப் பழகிய நாளிலிருந்து 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட பெண்!

"தண்ணியைத் திறந்துவிடுடி, மூதேவி!"

சுவரிலிருந்த பயிற்சிப் பெட்டி, "இரக்கம், தொண்ணூற்றாறு" என்றது. மருத்துவக் கல்லூரி நேர்காணலில் இப்போது இயந்திரம்தான் முகத்தையும் குரலையும் கவனித்து இரக்கத்துக்கு மார்க் போடுகிறது. மகளை அதில் தேறவைத்துவிட வேண்டுமென்று இந்தப் பெட்டியை வாங்கி, அடுப்படிவரை கொண்டுவந்து மாட்டியவளே பவித்ராதான்.

"அம்மா, தொண்ணூத்தாறு! இவ்வளவு வந்ததே இல்ல!" நறுமுகை துள்ளினாள். "என் குரல்லதான் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. இன்னொரு தடவை கத்தேன், ப்ளீஸ்."

பவித்ராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. வெந்த கையாலேயே பெட்டியைப் பிடுங்கிக் கொதிக்கிற சாம்பாரில் போட்டாள்.

"ஐயோ, எல்லாம் போச்சே!"

அப்போதுதான் நறுமுகை நிஜமாக அழுதாள். தலையைச் சாய்க்காமல், மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி அழுதபடியே கரண்டியால் சாம்பாரைத் துழாவினாள்.

குழாயைப் பவித்ராவே திறந்துகொண்டாள்.