நூற்றைம்பத்தோராவது ஓட்டு

“எவரிஸ்டோ, கெஞ்சிக் கேட்கிறேன்டா. எந்திரிச்சு எதிர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குள்ள போ. சீட்டுல ஒரு குறி போடு, பெட்டியில தள்ளு, வா. உன் கால் தேஞ்சா போயிடும்?”

தொனாத்தோ தன் கடை வாசலில் மூன்றாவது முறையாகக் கோப்பையில் ஒயின் ஊற்றினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் அசையவில்லை.

காலை பஸ்ஸில் இறங்கியதிலிருந்தே இப்படித்தான். இறங்கியதும், “எவரிஸ்டோ வீடு எது?” என்று கேட்டாராம். ஐம்பத்து மூன்று வருஷம் பெல்ஜியத்துச் சுரங்கத்தில் கிடந்தவன் தன் வீட்டையே விசாரிக்கிறான் என்று ஊரே சிரித்து, கட்டிப்பிடித்து, இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியது. பேச்சில்கூட வேற்றூர் வாடை அடித்தது.

மணி இரண்டே முக்கால். மூன்றுக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

ஊர்த் தலைவர் பதவிக்கு நின்றது ஒரே ஒருத்தி, தொனாத்தோவின் அண்ணன் மகள் எர்சிலியா. எதிர்த்து நிற்க ஆளில்லை. அதுதான் வம்பு. ஒருவர் மட்டும் நின்றால், பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்தல் செல்லாது. எங்கிருந்தோ ஓர் அதிகாரி வந்து உட்காருவான். போன தடவை வந்தவன் பள்ளிக்கூடத்தை மூடினான்; இப்போது ஓட்டுக்கு மட்டும்தான் அதைத் திறக்கிறார்கள். இந்தத் தடவை வருகிறவன் வைத்தியசாலையை மூடுவான்.

பட்டியலில் முன்னூற்றொரு பெயர். பாதிக்கு மேல் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் இருக்கிறவர்கள். ஊரில் இருந்த நூற்று நாற்பத்திரண்டு பேரும் போட்டாயிற்று; படுக்கையில் கிடந்த இருவரை நாற்காலியோடு தூக்கி வந்து போட வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். மொத்தம் நூற்றைம்பது. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும்.

“நாட்டுத் தேர்தல்னா அங்கிருந்தே தபால்ல அனுப்பிடலாம். ஊர்த் தேர்தலுக்கு நேர்ல வந்தாத்தான் ஓட்டு” என்றாள் கடைப் படியில் நின்ற எர்சிலியா. “இவ்வளவு தூரம் வந்துட்டு, போடாம உட்கார்ந்திருக்கிற மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன், சித்தப்பா.”

“பழி வாங்க வந்திருக்கான், வேறென்ன?” தொனாத்தோ முணுமுணுத்தார். வெளியே போனவர்களை அவர் நம்புவதே இல்லை. ஆனாலும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

“முன்னெல்லாம் ஓட்டுன்னா ரயில் ரயிலா வருவாங்க, தெரியுமா? நம்ம எல்லையைத் தாண்டினா டிக்கெட் காசு கிடையாது. கீழ ஸ்டேஷன்ல நாங்க பேண்டு வாத்தியத்தோட நிப்போம். ஒரு பெட்டி பூரா சிவப்புக் கொடி, அடுத்த பெட்டி பூரா பாதிரியார் கட்சி. இறங்கின உடனே சட்டையைப் பிடிச்சுக்குவானுங்க. சாயங்காலம் ஒரே தட்டுல ஆட்டுக்கறி தின்பானுங்க. எல்லாரும் வந்தாங்க. நீ ஒரு தடவைகூட வரலையேடா!”

கடையில் உட்கார்ந்த பிறகு கிழவர் முதல் முறையாக வாய் திறந்தார். “எவரிஸ்டோவை இங்க யார் நினைச்சிருக்காங்க?”

“நான் நினைச்சிருக்கேன்! மில் குட்டையில நீச்சல் தெரியாத உன்னைத் தள்ளிவிட்டது யாரு? பாதிரியார் தோட்டத்து அத்திப்பழத்தைத் திருடித் தின்னு, ரெண்டு பேரும் மூணு நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு புதருக்கும் வீட்டுக்குமா அலையலையா?”

கிழவர் சிரித்துவிட்டார். “பாதிரியாரோட நாய் பேரு கார்டினல். போப்பாண்டவருக்கு அடுத்த பட்டம், நாய்க்கு!”

“கார்டினலேதான்!” தொனாத்தோ மேசையைத் தட்டினார். “ரொட்டியைக் காட்டினா எங்கே வேணா வருவார், எங்க கார்டினல்!”

இரண்டு கிழவர்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எர்சிலியா கடிகாரத்தைப் பார்த்தாள். “பத்து நிமிஷம்தான் இருக்கு. விட்டுடுங்க சித்தப்பா. விதிச்சது அவ்வளவுதான்.”

சிரிப்பு அடங்கியது. தொனாத்தோ கையைத் துடைத்த துணியை மடியில் போட்டார்.

“சரி, ஓட்டுப் போடாதே. போ. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்குச் சுரங்கத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டோம். லாரி வந்தப்போ நான் வைக்கோல் கொட்டகையில ஒளிஞ்சுக்கிட்டேன். நீ ‘தொனாத்தோ, தொனாத்தோ’ன்னு கத்திக்கிட்டே போனே. எனக்குக் கேட்டுச்சுடா. அப்புறம் உனக்கு ஒரு கடுதாசிகூட எழுதலை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எழுதறது? என் மேல கோபம்னா என்னை அடி. ஊரை ஏன் அடிக்கிறே?”

கிழவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“அவன் உங்களை ஒரு நாளும் ஏசினதில்லை.”

“எவன்?”

“எவரிஸ்டோ. ‘அவன் வராதது நல்லதாப் போச்சு, நெஞ்சுல கரி ஏறாம தப்பிச்சான்’னுதான் சொல்வான். நான் ப்ரூனோ. முப்பது வருஷம் அவன்கூட ஒரே அறையில இருந்தேன். பிப்ரவரியில போயிட்டான். அவன் சாவைப் பொறந்த ஊர்ல பதிஞ்சு வைக்கணும்னாங்க, காகிதத்தைக் கொண்டாந்தேன். இறங்கினதும் அவன் பேரைச் சொல்லிக் கட்டிப்பிடிச்சீங்க. அவனை நினைக்க இத்தனை பேரான்னு கேட்டுக்கிட்டே, உண்மையைச் சொல்ல மனசில்லாம உட்கார்ந்துட்டேன்... மன்னிச்சுடுங்க.”

கோட்டுப் பையிலிருந்து முத்திரை குத்திய மரணச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தொனாத்தோவின் கை அதைத் தொடும் முன்பே எர்சிலியா பறித்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள். மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் எழுத்தர் பட்டியலில் அந்தப் பெயரை அடித்தார். மீதி முன்னூறு, விழுந்தது நூற்றைம்பது, சரிபாதி. ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக, எவரிஸ்டோ தன் ஊருக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டான்.